வண்டிச் சாவியும் நமது பொறுப்பும்

கோட்டாறு கம்போளமானாலும் தக்கலை, மார்த்தாண்டம் கடைவீதியானாலும் நம்மில் பலர் வண்டிச் சாவியைக் கல்லா அருகே ஆணியில்தான் மாட்டுகிறோம். வீட்டுப் பிள்ளைகள் கேட்காமல் எடுத்துப் போய் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

ஓட்டியவரிடம் அந்த வகை வண்டிக்குரிய நடப்பு லைசென்ஸ் இருந்தால் பொதுவாகச் சிக்கலில்லை. இல்லாவிட்டால், அடிபட்டவருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அதை நம்மிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். நம் வண்டிச் சேதத்துக்கும் பணம் கிடைப்பது அரிது.

"எனக்குத் தெரியாது" என்றால் போதுமா? உரிமையாளரின் கவனக்குறைவைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என 2004-ல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மையே. ஆனால் 2011-ல், லைசென்ஸ் இல்லாத சிறுவன் சொல்லாமல் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துச் சென்றதாகச் சொல்லப்பட்ட வழக்கில், வண்டி தவறாகப் பயன்படாமல் பார்ப்பது உரிமையாளர் பொறுப்பே என்றது. வசூல் அவர் தலையில் விழுந்தது.

18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ல் வந்த சட்டத் திருத்தப்படி 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளரே நிரூபிக்க வேண்டும்.

ஆகவே, கல்லாவைப் பூட்டும்போது வண்டிச் சாவியையும் உள்ளே வைத்துப் பூட்டுவோம். வீட்டில் ஓட்டுபவர்களின் லைசென்ஸ் முடியும் தேதியையும் பாலிசித் தேதியோடு சேர்த்துக் குறித்து வைப்போம்.