பழுதுபட்ட ஒளித்தகடு: பழி யார்மேல்?

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, இயற்பியல் துறை)

சென்ற பருவத்தில் நம் துறை நூலகத்திலிருந்து ஓர் அறிவியல் தொலைக்காட்சித் தொடரின் டி.வி.டி. பெட்டியை இரவல் பெற்றேன். இருபது பகுதிகள், ஐந்து தகடுகள். தகட்டுக்கு நான்கு பகுதிகள். கருத்தரங்கில் நான் பேச வேண்டிய பொருள் பதினைந்தாம் பகுதியில் இருந்தது. பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திருப்பித் தந்தபோது, நான்காம் தகடு சரியாக ஓடவில்லை என்பதை நானாகவே சொன்னேன். சொல்லாமல் வைத்துவிட்டு வந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது என்று தோழியர் பின்னர்க் கடிந்துகொண்டனர்.

நூலகர் ஐயா பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தகடாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டாம் தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் தெரிந்தது. அதை என் முன்னே நீட்டி, "இதோ பாரம்மா, கீறிவிட்டு ஓடவில்லை என்றால் எப்படி?" என்றார். பெட்டியின் விலை நான்காயிரத்து இருநூறு ரூபாய். அதைக் கட்டினாலன்றி நிலுவையின்மைச் சான்று கிடையாது. அச்சான்று இல்லையேல் தேர்வுக்கு நுழைவுச் சீட்டும் கிடையாது. என் தந்தையார் விசைத்தறியில் வாங்கும் ஒரு வாரக் கூலிக்கும் அது மேற்பட்ட தொகை.

கீறல் விழுந்தது இரண்டாம் தகடு, ஓடாதது நான்காம் தகடு என்பதைக்கூட அப்போது எடுத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஒரு வாரம் தவணை தாருங்கள் ஐயா, குறை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்" என்று மட்டும் கேட்டேன். அவரும் இசைந்தார். அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

தகட்டின் உள்ளே

டி.வி.டி. எனும் ஒளித்தகடு 1996 நவம்பரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதன் விட்டம் 120 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். பார்வைக்கு அது ஒரே தகடு. உண்மையில் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளைப் பசையிட்டு ஒட்டிய கூட்டுப் பொருள். செய்தி பதிந்துள்ள பரப்பும், அதன்மேல் படிய வைத்த உலோகப் பூச்சும் போளிக்குள் பூரணம்போல நடுவில் இருக்கின்றன. பழைய குறுந்தகட்டில் நிலைமை வேறு. அங்கே உலோகப் பூச்சு, பெயர் அச்சிட்ட பக்கத்தில் மெல்லிய மெருகெண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே இருக்கும். அப்பக்கம் கீறினால் செய்தியே உரிந்துவிடும். டி.வி.டி.யில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஒட்டியது எதுவும் பிரியக்கூடியது என்பதை மறக்கலாகாது. என் வழக்கு முழுவதும் அந்த ஒட்டில்தான் இருந்தது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

செய்தி என்பது நுண்ணிய குழிகள். ஒற்றை அடுக்குத் தகட்டில் மிகச் சிறிய குழியின் நீளம் 0.4 மைக்ரான். குழிகள் ஒரு சுருள் தடத்தில் அமைந்துள்ளன. தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். பதிவுள்ள பரப்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் ஆரத்தில் தொடங்கி 58 மில்லிமீட்டர் ஆரத்தில் முடிகிறது. பரப்பை இடைவெளியால் வகுத்துப் பார்த்தேன்: ஓர் அடுக்கில் உள்ள தடத்தை நீட்டி வைத்தால் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் வருகிறது! இத்தனை நீளமான தடத்தை 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் கதிர் தொட்டுத் தொட்டுப் படிக்கிறது.

இவ்வளவு நுட்பமான பொருள் ஒரு தூசி விழுந்தாலே கெட்டுவிட வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். கெடாமல் காப்பவை இரண்டு.

முதலாவது ஒளியியல். லேசர் கதிர் தகட்டின் வெளிப்பரப்பில் நுழையும்போது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலமாக இருக்கிறது. உள்ளே 0.6 மில்லிமீட்டர் சென்ற பிறகுதான் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த புள்ளியாகக் குவிகிறது. ஆகவே வெளிப்பரப்பில் உள்ள மயிரிழைக் கீறல் குவியத்துக்குப் புறம்பானது. கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு எதிர்ச்சுவர் நாட்காட்டியைப் படிக்கிறோம் அல்லவா? வலையின் நூல் கண்ணுக்குத் தடையாவதில்லை. அதுபோன்றதே இதுவும்.

இரண்டாவது கணிதம். அமெரிக்கக் கணித வல்லுநர்களான ரீட், சாலமன் இருவரும் 1960-இல் வெளியிட்ட பிழைதிருத்த முறை இதில் கையாளப்படுகிறது. செய்தியை 192 வரிசைகளும் 172 நிரல்களும் கொண்ட கட்டங்களாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 10, ஒவ்வொரு நிரலுக்கும் 16 எனக் கூடுதல் எண்களைச் சேர்க்கிறார்கள். மளிகைக் கடைப் பேரேட்டில் குறுக்கே ஒரு கூட்டல், நெடுக்கே ஒரு கூட்டல் எழுதி வைத்தால், நடுவில் எண்ணெய் பட்டு அழிந்த தொகையைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். அதே உத்திதான், மிகவும் வளர்ந்த வடிவில். இதன் பயனாகத் தடத்தின் நெடுகே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்வரை தொடர்ந்து அழிந்தாலும் செய்தியை மீட்க முடிகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. மையத்திலிருந்து வெளியோரம் நோக்கி விழும் கீறல், ஒவ்வொரு சுற்றிலும் தடத்தை ஒரு கணமே குறுக்கிடுகிறது. கணிதம் அதைச் சரிக்கட்டிவிடும். தடத்தை ஒட்டியே வட்டமாக ஓடும் கீறல்தான் கொடியது. எனவேதான் தகட்டைத் துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். தட்டுத் துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்கலாகாது.

இரண்டாம் தகட்டின் கீறல் மையத்திலிருந்து வெளிநோக்கி விழுந்திருந்தது. நான்கு பகுதிகளையும் ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. கீறிய தகடு ஓடிற்று. கண்ணாடிபோல் பளபளத்த நான்காம் தகடு ஓடவில்லை!

நான்காம் தகடு

முதலில் பிளேயர்மேல் ஐயம் கொண்டேன். விடுதித் தொலைக்காட்சி அறையில் இருந்த பிளேயர், தோழி வீட்டுப் பிளேயர், துறைக் கணிப்பொறியில் வெளியிலிருந்து செருகும் ஒளித்தகட்டுப் பெட்டி ஆகிய மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். (இன்றைய கணிப்பொறிகள் பலவற்றில் தகடு செருகும் இடமே இல்லை. அதைத் தேடி அலைந்ததில் இரண்டு நாள் போயிற்று.) மூன்றிலும் ஒரே நடத்தை. பதின்மூன்றாம் பகுதி நன்றாக ஓடியது. பதினான்காம் பகுதியில் 41-ஆம் நிமிடம் படம் சதுரம் சதுரமாகச் சிதறி நின்றது. பதினைந்தாம் பகுதியை முதல் 9 நிமிடம் தாண்டிவிட்டால் ஓடிற்று. பதினாறாம் பகுதியில் குறையே இல்லை. பிளேயரின் ஆடியில் தூசி இருந்தால் மற்றத் தகடுகளும் தடுமாற வேண்டும். மூன்று இயந்திரங்களும் ஒரே நிமிடத்தில் நிற்கவும் வேண்டியதில்லை. ஆகவே குற்றம் தகட்டினுடையதே.

ஆனால் தகட்டில் எங்கே? பரப்பில் ஒரு கோடும் இல்லை. இங்கேதான் நம் ஒளியியல் பேராசிரியர் அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். "நிமிடத்தைச் சொல்கிறாய். அதை மில்லிமீட்டரில் சொல்ல முடியுமா?"

ஓரடுக்குத் தகட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட், ஈரடுக்குத் தகட்டில் 8.5 கிகாபைட். தொடர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் ஈரடுக்குத் தகடுகளே வருகின்றன. முதல் அடுக்கு ஒளியைப் பாதி ஊடுருவ விடும் பூச்சுடையது. அதனூடே சென்று இரண்டாம் அடுக்கையும் லேசர் படிக்கிறது. முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியோரம்வரை படித்துவிட்டு, திரும்பி மையத்துக்குப் போகாமல், அங்கேயே குவியத்தை மாற்றிக்கொண்டு இரண்டாம் அடுக்கை வெளியிலிருந்து உள்நோக்கிப் படித்துக்கொண்டு வருவதே படத் தகடுகளில் வழக்கமான முறை. ஆகவே ஓடும் நேரத்தின் தொடக்கமும் முடிவும் தகட்டின் உள்வட்டத்தில் இருக்கின்றன; நடுநேரம் தகட்டின் வெளியோரத்தில் இருக்கிறது.

பகுதி ஒன்றுக்கு 50 நிமிடமாக நான்கு பகுதிக்கு 200 நிமிடம். பாதி 100-ஆம் நிமிடத்தில், அஃதாவது பதினான்காம் பகுதி முடிந்து பதினைந்தாம் பகுதி தொடங்கும் இடத்தில் வருகிறது. அதற்கு முன்னே 9 நிமிடம், பின்னே 9 நிமிடம் பழுது. இரண்டு வெவ்வேறு பகுதிகளில் இரண்டு வெவ்வேறு குறைகள் என்று நான் எண்ணியது தவறு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் கிடக்கின்றன! 100 நிமிடத்துக்கு 9 நிமிடம் என்றால் பரப்பில் 9 விழுக்காடு. வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி அப்பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள வளையம் வருகிறது. (காட்சியின் தன்மைக்கேற்ப ஒரு நிமிடத்துக்கு ஆகும் இடம் கூடிக் குறையும், ஆகவே இது தோராயமே.)

விடையைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத் தகட்டை எடுத்தேன். விளிம்பை மட்டும் மேசை விளக்கின் முன் சாய்த்துப் பிடித்தேன். அங்கே, தகட்டைச் சுற்றிலும், நீர்த்த மோர்போல் வெளிறிய ஒரு வளையம். அளவுகோலை வைத்தேன். சில இடங்களில் இரண்டு மில்லிமீட்டர், சில இடங்களில் சற்றுக் கூடுதல். பத்து நாளாக அத்தகட்டை எத்தனை முறை பார்த்திருப்பேன்! கீறலைத் தேடியதால் கீறல் இல்லை என்று மட்டுமே கண்டேன்.

ஒட்டு விட்டுப்போன தகடு அது. விளிம்பில் பசை சரியாகப் பிடிக்காவிடில் இரு பாதிகளுக்கும் இடையே காற்றும் ஈரமும் புகுகின்றன, பசை வெளிறுகிறது, அலுமினியப் பூச்சு அரிக்கப்பட்டு ஒளியைத் திருப்பும் ஆற்றலை இழக்கிறது. இது ஆண்டுக்கணக்கில் மெல்ல நடப்பது. பத்து நாள் இரவல் வாங்கிய எவரும் கையால் செய்யக்கூடியதன்று.

இத்தகைய குறை புதியதும் அன்று. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரிலிருந்த பிலிப்ஸ் - டுபான்ட் ஆலையில் 1988-க்கும் 1993-க்கும் இடையே தயாரான குறுந்தகடுகள் பல, வெண்கல நிறமாக மாறிக் கெட்டன. உறைத் தாளிலிருந்த கந்தகத்தை அவற்றின் மேற்பூச்சு தாங்கவில்லை என்பது காரணமாகக் கண்டறியப்பட்டது. 2006 முதல் 2008 வரை தயாரான சில டி.வி.டி.களில் குறை இருப்பதை அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 2025-இல் ஒப்புக்கொண்டது. இயன்றவரை அதே படத்தையும், உரிமை முடிந்தவற்றுக்கு ஈடான வேறு படத்தையும் மாற்றித் தர முன்வந்தது. நம் நூலகப் பெட்டி அந்நிறுவனங்கள் எவற்றினதும் அன்று. அதற்கு அத்தகைய வாய்ப்பும் இல்லை.

வாங்குவோர் கவனத்துக்கு

இரவல் வாங்குவோர்க்கும் விலைக்கு வாங்குவோர்க்கும் சில சொல்லத் தோன்றுகிறது. பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எல்லாத் தகடுகளையும் ஓட்டிப் பாருங்கள். சிறப்பாக ஒவ்வொன்றின் நடுநேரத்தையும். பெரும்பாலோர் முதல் தகட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை விடுமுறைக்கு வைத்துவிடுகிறார்கள். அதற்குள் கடைக்காரர் தந்த தவணை கழிந்துவிடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையீடு செய்ய இரண்டு ஆண்டு காலம் உண்டு; பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

தகட்டைப் பிடித்திருக்கும் நடுக்குமிழ் இறுக்கமாக இருந்தால் குமிழை அழுத்தித் தகட்டை விடுவிக்க வேண்டும். விளிம்பைப் பிடித்து வளைத்து இழுப்பது ஒட்டைப் பிரிக்கும். அட்டை உறையிலிருந்து உருவும்போது இடையில் ஒரு மணல்துகள் இருந்தால் போதும், கோடு விழுந்துவிடும். கைரேகை பட்டால் நீரில் சிறிது சோப்புக் கலந்து மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றலாம். தின்னர், மண்ணெண்ணெய் கூடவே கூடாது. பற்பசையால் தேய்த்தால் சரியாகிவிடும் என்பாரும் உளர். மேற்பரப்புக் கீறலை அது சிறிது மழுக்கலாம். ஒட்டு விட்ட தகட்டை எந்தப் பசையாலும் ஒன்றும் செய்ய இயலாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி ஓடவில்லையென்றால் உடனே பழுதென்று முடிவு கட்ட வேண்டாம். உலகை மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கா 1, இந்தியா 5. எண் பொருந்தாவிடில் பிளேயர் மறுத்துவிடும், தகட்டின்மேல் குற்றமில்லை.

நூலகர் அறையில்

ஏழாம் நாள் விளக்கும் அளவுகோலும் கணக்குத் தாளுமாக நூலகர் ஐயாவிடம் சென்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தகட்டை நெடுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, "தகடு 4: உற்பத்திக் குறை, மாணவி பொறுப்பல்லர்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். இவ்வளவோடு முடிந்திருக்கும். "இரண்டாம் தகட்டுக் கீறல்?" என்று கேட்டார். அது அட்டை உறையிலிருந்து உருவும்போது என் கையால் விழுந்தது என்றேன். ஓடுகிறதா என்றார்; ஓடுகிறது என்றேன். ஐம்பது ரூபாய் தண்டம் விதித்தார். கட்டினேன்.

பதினைந்தாம் பகுதியின் முதல் 9 நிமிடத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. கருத்தரங்கில் அந்த இடத்தைப் பாடநூலைக் கொண்டு பேசிச் சமாளித்தேன்.

அதன்பின் ஐயா, அலமாரியிலுள்ள மற்றப் பெட்டிகளையும் பார்த்துத் தரும்படி என்னையும் வகுப்புத் தோழி ஒருத்தியையும் கேட்டுக்கொண்டார். பதினொரு பெட்டிகள் இருந்தன. மாலை வேளைகளில் அமர்ந்து பார்த்தோம். இரண்டில் ஒரு தகடு வீதம் விளிம்பு வெளிறத் தொடங்கியிருந்தது. ஒரு பெட்டி வாங்கிய நாளிலிருந்து மேலுறை பிரிக்கப்படாமலே இருந்தது. ஐயா கத்தியால் கீறித் திறந்தார். ஆறு தகடுகள் இருந்தன. ஓரிடத்தில் ஐந்தாம் தகட்டுக்குப் பதிலாக மூன்றாம் தகடே இன்னொரு முறை வைக்கப்பட்டிருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த பற்றுச்சீட்டில் 2010 என்று போட்டிருந்தது.