காக்கிச் சட்டைக்குள் இருக்கும் மனசு

கேள்வி: போலீஸ்காரர்களின் மன அழுத்தத்துக்கு சக போலீஸ்காரரே மருந்தாக முடியுமா?
– வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: ஓரளவு முடியும்.

கள்ளக்குறிச்சி போலீசைப் பாருங்கள். 2019-இல் மாவட்டம் பிறந்தது. 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளிக் கலவரத்தில் கல்லடி வாங்கினார்கள். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகள் அறுபதைத் தாண்டின. ஊரின் கோபம் காக்கி மேல் திரும்பியது, எஸ்.பி.யே சஸ்பெண்ட் ஆனார். பிறகு கல்வராயன் மலை ஓடைகளில் சாராய ஊறல் தேடும் ரெய்டுகள். மலையேறி இறங்கிய ஏட்டு அதையெல்லாம் வீட்டில் சொல்வதில்லை. டாக்டரிடம் போனால் ‘மெண்டல்’ என்று ஸ்டேஷனில் பெயர் வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

இந்தத் தயக்கத்தைச் சக காவலர் உடைப்பது எளிது. கனடாவின் மான்ட்ரியால் போலீஸ் 1997-இல் ஒரு திட்டம் தொடங்கியது: எல்லோருக்கும் பயிற்சி, மேலதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சி, பயிற்சி பெற்ற காவலர்களே பேசும் உதவித் தொலைபேசி. அடுத்த 12 ஆண்டுகளில் அங்கே காவலர் தற்கொலை விகிதம் 79 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது.

தமிழகமும் சும்மா இருக்கவில்லை. 2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துடன் சேர்ந்து காவலர் நலவாழ்வுத் திட்டம் வந்தது. பயிற்சியாளர்களை உருவாக்கி, காவலர்களோடு குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசியது நல்ல யோசனை. 2021-இல் காவலர் முதல் ஏட்டு வரை வார விடுமுறைக்கு அரசாணையும் வந்தது. (பந்தோபஸ்து வந்தால் விடுமுறை என்னாகும் என்று எந்தக் காவலரின் மனைவியையும் கேளுங்கள்!)

பதவி உயர்ந்தால் பாரம் குறையும் என்பதும் இல்லை. 2023 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டவர் கோவை சரக டி.ஐ.ஜி. ஆகவே கேட்கும் காது ஏட்டுக்கும் வேண்டும், ஐ.பி.எஸ்.ஸுக்கும் வேண்டும். அந்தக் காதிடம் பேசியது சர்வீஸ் ரெக்கார்டில் ஏறாது என்ற உறுதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் கல்வராயன் மலையின் கரியாலூர் ஸ்டேஷனிலிருந்து யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.