மறைந்தவர்களை அழைக்கலாமா?

பிரிந்தவரின் குரலை இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்று ஏங்காத மனம் உண்டா? இந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் ஆவிகளை அழைக்கும் சடங்கு.

கிரேக்கர்களின் ‘ஒடிசி’ காவியத்தில், குழி தோண்டித் தேனும் பாலும் மதுவும் நீரும் வார்த்து, பார்லி மாவு தூவி, ஆட்டின் ரத்தத்தையும் விட்டு ஆவிகளை அழைக்கிறான் ஒடிசியஸ். அவனுடைய தாயும் வருகிறாள். மூன்று முறை தழுவப் போகிறான். மூன்று முறையும் நிழலாக நழுவிவிடுகிறாள்!

அமெரிக்க மாயாஜாலக் கலைஞர் ஹூடினி, 1926 அக்டோபர் 31-ல் மறைந்தார். முடிந்தால் ரகசியக் குறிச்சொல் மூலம் பேசுவதாக மனைவி பெஸ்ஸிடம் சொல்லியிருந்தார். பத்து வருடம் காத்திருந்தார் அந்த அம்மையார். 1936-ல் அதே நாளில் கடைசியாக அழைத்தும் பதில் இல்லை. கணவரின் படத்தருகே எரிந்த விளக்கை அணைத்துவிட்டார்.

மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பர்வத்திலோ, வியாசர் கங்கையில் இறங்கி அழைக்க, போரில் மாண்டவர்கள் எழுந்து வந்தார்கள். காந்தாரிக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள். ஆனால், ஒரே ஓர் இரவுதான்; விடிந்ததும் போய்விட்டார்கள். வியாசரே அழைத்தும் தங்காதவர்கள், காசுக்கு அழைத்தால் வருவார்களா?

அமாவாசையன்று இறைக்கும் எள்ளும் தண்ணீரும் பதில் எதையும் கேட்பதில்லை. ‘ஆவியோடு பேச வைக்கிறேன்’ என்பவர்களிடம் உங்கள் துக்கத்தை அடகு வைக்காதீர்கள், சகோதரிகளே! மறைந்தவரின் பெயரைச் சொல்லி, பசித்த ஒருவருக்கு இலை போடுங்கள். மனம் ஆறும்.