டிஎல்எல் கேட்காத இஎக்ஸ்இ!

விஷுவல் சி++-ல் ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. அந்த இஎக்ஸ்இ ஃபைலை பென் டிரைவில் நண்பருக்குக் கொடுத்தால், 'விசிரன்டைம்140.டிஎல்எல்' இல்லை என்று செய்தி காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?

புரோகிராமைத் தொடங்கி வைப்பது, எக்ஸப்ஷன்களைக் கையாள்வது போன்ற வேலைகளைக் கம்பைலரின் ரன்டைம் லைப்ரரி கவனிக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ வழக்கமாக இதைத் தனி டிஎல்எல்-களாக வெளியே வைக்கும். 2015-ல் வந்த விண்டோஸ் 10 முதல் இதில் ஒரு பகுதி விண்டோஸுடனேயே கிடைக்கிறது. மேலே சொன்ன டிஎல்எல் அதில் சேராது. விஷுவல் ஸ்டுடியோ இருப்பதால் உங்களிடம் அது இருக்கிறது, நண்பரிடம் இல்லை.

ரன்டைமை இஎக்ஸ்இ-க்குள்ளேயே சேர்த்துவிடலாம். இதுவே ஸ்டேட்டிக் லிங்கிங்.

1. புராஜெக்ட் மெனுவில் புராப்பர்ட்டீஸ் திறந்து, கான்ஃபிகரேஷனில் ரிலீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. சி/சி++ பிரிவில் கோட் ஜெனரேஷன் செல்லுங்கள்.

3. ரன்டைம் லைப்ரரி என்ற இடத்தில் 'மல்டி-த்ரெடட் டிஎல்எல்' இருக்கும். அதை 'மல்டி-த்ரெடட்' என மாற்றி, ரீபில்ட் செய்யுங்கள்.

நீங்கள் சேர்க்கும் மற்ற ஸ்டேட்டிக் லைப்ரரிகளும் இதே அமைப்பில் கம்பைல் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் லிங்கர் எல்என்கே2038 என்ற பிழையைக் காட்டும். டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'டம்ப்பின் /டிபென்டன்ட்ஸ்' கொடுத்து, விசிரன்டைம் பட்டியலில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஃபைல் பெரிதாவது சின்ன விஷயம். ரன்டைமில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால், டிஎல்எல்-ஐ மைக்ரோசாஃப்ட் புதுப்பித்தாலே போதும். அதைப் பயன்படுத்தும் எல்லாப் புரோகிராம்களும் சரியாகிவிடும். உள்ளே சேர்த்த நகலை யாரும் தொட முடியாது. நீங்களே மறுபடி பில்ட் செய்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். 2009 ஜூலையில் விஷுவல் ஸ்டுடியோவின் ஏடிஎல் லைப்ரரியில் குறை தெரிந்தபோது, அதை வைத்து உருவாக்கிய ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல்களை அவற்றை எழுதியவர்களே மறுபடி பில்ட் செய்ய நேர்ந்தது.

எனவே நான் பின்பற்றும் முறை இது. ஒரே இஎக்ஸ்இ ஆக உள்ள சிறு யுட்டிலிட்டி என்றால் ஸ்டேட்டிக். சொந்த டிஎல்எல்-கள் பல கொண்ட பெரிய சாஃப்ட்வேர் என்றால், டிஎல்எல் முறையே. கூடவே விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இன்ஸ்டாலரில் சேர்த்துவிடுவேன். ஸ்டேட்டிக் முறையில் ஒவ்வொரு டிஎல்எல்-லும் தனித்தனி ரன்டைம் வைத்துக்கொள்வதால், ஒன்று திறந்த ஃபைல் பாயின்ட்டரை இன்னொன்று மூட முயன்றால் சிக்கல்தான்.

ஸ்டேட்டிக் முறையில் கொடுத்த புரோகிராம் யார் யாரிடம் போயிருக்கிறது என்று குறித்து வையுங்கள். அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது.