முதல் ரைஃபிள்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் நீ தேறிவிட்டதாக அக்கா சொன்னாள். மிகவும் மகிழ்ச்சி. நவம்பரில் உன் அப்பாவோடு விஸ்கான்சின் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறாய், அதற்கு எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கடைக்காரர் ஒன்று சொல்வார். அப்பாவின் நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரும்பாலும் எல்லாரும் தோட்டாவின் பெயரிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். நீ உன் தோளிலிருந்து தொடங்கு.

துப்பாக்கிக் கட்டையின் பின்முனைக்கும் விசைக்கும் இடையே உள்ள தூரம்தான் முதலில் பார்க்க வேண்டியது. பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் அது 13½ அங்குலத்தை ஒட்டி இருக்கும். 13 வயதில், உன் உடல்வாகுக்கு, 12 அல்லது 12½ அங்குலம் போதும். கட்டை நீளமாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிற கதைதான். கழுத்தை நீட்டுவாய், கண் ஸ்கோப்புக்கு நேராக வராது, கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும். அந்த நிலையில் சுட்டால் சின்னத் தோட்டாகூட வலிக்கும். கடையில் முழங்கையை மடக்கிக் கட்டையின் பின்முனையை அதன் மடிப்பில் வைத்துப் பார். சுட்டுவிரல் சிரமமில்லாமல் விசையைத் தொட வேண்டும். போகும்போது குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போ. நவம்பர் காட்டில் அந்தக் கோட்டோடுதான் நிற்கப் போகிறாய், அதன் தடிமனும் கணக்கில் சேரும். சில ரைஃபிள்களில் கட்டைக்குப் பின்னால் வில்லைகளைச் சேர்த்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மோஸ்பெர்க், சாவேஜ் இரண்டு நிறுவனங்களிலும் அப்படிப்பட்ட மாதிரிகள் உண்டு. வளர்கிற பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடு.

இன்னொன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடு. இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கு இடையே ஒரு சிறிய துவாரம் வைத்து, தூரத்தில் உள்ள சுவர்க்கடிகாரத்தை இரு கண்களாலும் அதன் வழியே பார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடு. எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் துவாரத்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உன் ஆதிக்கக் கண். வலக்கைக்காரர்களிலும் சிலருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருக்கும். உனக்கும் அப்படியென்றால் ஆரம்பத்திலிருந்தே இடத்தோளில் சுடப் பழகி, இடக்கை ரைஃபிள் வாங்குவதுதான் நல்லது.

இனி உதை. ரைஃபிள் சுடும்போது பின்னோக்கித் தள்ளுவதை அடி-பவுண்டு கணக்கில் சொல்வார்கள். ஏழரை பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .243 வின்செஸ்டர் தோட்டாவின் உதை சுமார் 9 அடி-பவுண்டு. அமெரிக்க வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் .30-06 தோட்டாவுக்கு அது சுமார் 20. இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று ரைஃபிளின் எடை. அதே தோட்டாவை எடை குறைந்த ரைஃபிளில் போட்டால் உதை கூடும். கடையில் ‘இளையோர் மாதிரி’ என்று காட்டும் ரைஃபிள்கள் பல, குட்டையாக மட்டுமல்ல, மிக லேசாகவும் இருக்கும். ஆறு பவுண்டு ரைஃபிளில் .308 தோட்டாவைப் போட்டு ஒரு சிறுமியின் கையில் கொடுப்பதை நான் கொடுமை என்றே சொல்வேன். அவள் இரண்டாவது முறை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வாள், தோளை உதறுவாள். அந்தப் பயம் உடம்பில் ஏறிவிட்டால் இறங்க ஆண்டுகள் ஆகும். பெரியவர்களிலேயே எத்தனையோ பேர் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஆகவே உன்னால் தூக்கி நிலையாகப் பிடிக்க முடிகிற வரையில் கொஞ்சம் கனமான ரைஃபிளாகவே எடு.

பயத்தில் பாதி சத்தத்தால் வருவது. ரைஃபிள் வெடிச் சத்தம் 160 டெசிபெல்லை ஒட்டிப் போகும். 140-ஐத் தாண்டினாலே ஒரே வெடியில் காது கெடலாம். பயிற்சிக் களத்தில் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும், இரண்டையும் போட்டுக்கொள்.

தோட்டாவுக்கு வருகிறேன். .243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது; .308 தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி உண்டாக்கியது. அதே .308-இன் இன்னொரு பிள்ளை 7எம்எம்-08 ரெமிங்டன், 1980-இல் வந்தது. குண்டு கொஞ்சம் பெரிது, உதையும் கொஞ்சம் கூடுதல். 6.5 கிரீட்மூர் இந்த நூற்றாண்டில் வந்தது, இப்போது ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. மூன்றுமே வெள்ளைவால் மானுக்குப் போதும். .243 சின்னது, மானைக் காயப்படுத்தி ஓடவிடும் என்று சிலர் எச்சரிப்பார்கள். சின்னக் குண்டுக்குத் தவறைப் பொறுக்கும் இடம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பயந்துகொண்டு சுட்ட பெரிய குண்டு வயிற்றில் பட்டால் அதைவிட மோசம். மான் ஓடி எங்கோ ஒரு சதுப்பில் படுத்து மணிக்கணக்கில் சாகும். மானின் உயிர் சட்டென்று பிரிய வேண்டும். உனக்கு அதன் மீதுள்ள முதல் கடமை அது. அந்தக் கடமையைத் துல்லியம் காப்பாற்றும், வலிமை காப்பாற்றாது. ஆகவே என் வாக்கு .243-க்குத்தான்.

குண்டு விஷயத்தில் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. ஈயக் குண்டு வாங்காதே, செம்புக் குண்டு வாங்கு. ஈயக் குண்டு உடம்புக்குள் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சியில் பரவும். அதை நீயும் உன் தம்பியும்தான் சாப்பிடப் போகிறீர்கள். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் வெண்தலைக் கழுகுகளும் அந்த ஈயத்தால் நஞ்சேறிச் சாகின்றன. .243-இல் 80 அல்லது 85 கிரெய்ன் செம்புக் குண்டு உடையாமல் ஆழமாகப் போகும். கிரெய்ன் என்பது குண்டின் எடை; 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. குண்டின் எடை குறைவதால் உதையும் இன்னும் குறையும். விலை மட்டும் கூடுதல். நீ அடுத்த ஆண்டு வேறு வகைத் தோட்டாவுக்கு மாறினால் ஸ்கோப்பைத் திரும்பவும் சரிபார்க்க வேண்டும். ஒரே ரைஃபிளில் ஒவ்வொரு வகைத் தோட்டாவும் வேறு இடத்தில்தான் போய்ப் படும்.

ரைஃபிள் போல்ட் வகையாக இருக்கட்டும். போல்ட்டைப் பின்னால் இழுத்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். நெம்புகோல் வகை அழகானது. வின்செஸ்டரின் 1894 மாதிரியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தப் பழைய வகைகளில் வெளியே நிற்கும் சுத்தியலைக் குளிரில் விறைத்த கட்டைவிரலால் மெல்ல இறக்க வேண்டியிருக்கும். நழுவினால் வெடிக்கும். முதல் ரைஃபிளுக்கு அது வேண்டாம். ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், சாவேஜ் ஆக்சிஸ் இளையோர் மாதிரி போன்ற விலை குறைந்த போல்ட் ரைஃபிள்களே 100 கஜத்தில் உன் திறமையைவிடத் துல்லியமாகச் சுடும். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடு.

ஸ்கோப் 3 முதல் 9 மடங்கு வரை காட்டுவது போதும். காட்டில் அதை 3-லேயே வைத்திரு. பார்வை விரிந்திருந்தால்தான் மரங்களுக்கு நடுவே மானைச் சீக்கிரம் பிடிக்க முடியும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் உதையில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

இதையெல்லாம் வாங்கும் முன் கோடை முழுக்க ஒரு .22 ரைஃபிளில் சுடு. உதையே இல்லை, தோட்டா மலிவு. மூச்சை அடக்குவது, விசையை மெல்ல அழுத்துவது எல்லாம் அதில்தான் கை வரும். பிறகு .243-க்கு வா. ஒரு நாளில் பத்துப் பதினைந்து தோட்டாவுக்கு மேல் சுடாதே. மேசையில் வைத்துச் சுடுவது ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டும். உட்கார்ந்து, முழங்காலில் ஊன்றி, குச்சி நட்டு அதில் சாய்த்து என்று காட்டில் எப்படிச் சுடுவாயோ அப்படியே பழகு. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் எட்டு அங்குல அளவு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். எட்டு அங்குலக் காகிதத் தட்டில் எவ்வளவு தூரத்திலிருந்து ஒவ்வொரு குண்டையும் தவறாமல் போட முடிகிறதோ, அதுதான் உன் எல்லை. 60 கஜம் என்றால் 60 கஜம். 61-இல் நிற்கும் மானை விட்டுவிடு.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 18 வயது ஆகாதவருக்குக் கடைக்காரர் ரைஃபிள் விற்க 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. அப்பாதான் வாங்க வேண்டும். அவருக்கு கிரீன் கார்டு இருப்பதால் சிக்கல் இல்லை. ஆனால் எச்1பி விசாவில் உள்ள அவருடைய நண்பர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு ஒன்றும் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம். பயிற்சிக் களத்தில் ‘ஒரு தடவை சுட்டுப் பார்’ என்று நீட்டுவதுகூட அவர்களை மாட்டிவிடும். நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை, அப்பாவிடம் சொல். விஸ்கான்சினில் 14 வயதாகும் வரை பெரியவர் துணையில்லாமல் நீ வேட்டைக்குப் போகக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். முதல் தடவை நன்றி தெரிவித்தல் நாளை ஒட்டிய ஒன்பது நாள் வேட்டைக்காலத்தின் கூட்டத்தில் போவதைவிட, அக்டோபரில் இளையோருக்கென்று விடும் இரண்டு நாள்களில் போ. காடு அமைதியாக இருக்கும்.

பாட்டி வருத்தப்படுவதாக அக்கா சொன்னாள். அது நியாயமான வருத்தம், அவரோடு வாதாடாதே. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மான் வேட்டை குற்றம். இங்கே வழி வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுக்கச் சில லட்சமாகச் சுருங்கிய வெள்ளைவால் மான், இன்று கோடிகளில் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள் மீதும் தோட்டா மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. நீ வாங்கும் ரைஃபிளின் விலையிலும் அந்தப் பங்கு இருக்கும். இதைப் பாட்டியிடம் பொறுமையாகச் சொல், ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

கடைசியாக, ரைஃபிள் வாங்கும் அதே நாளில் ஒரு பூட்டுப் பெட்டியும் வாங்கச் சொல். தோட்டாக்கள் தனியாக, வேறு பூட்டில் இருக்கட்டும். இரண்டு சாவியும் அப்பாவிடமே இருக்கட்டும். பெட்டி வாங்கப் பணம் போதவில்லை என்றால் ரைஃபிளை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாமா