விரிசலைத் தாங்குமா குழாய்?

நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைக் கையால் கிழிப்பது சில வேளைகளில் கடினம். அதன் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தாலோ எளிதில் கிழிந்துவிடும். இழுக்கும் விசை வெட்டின் கூர்முனையில் குவிவதே இதற்குக் காரணம். உலோகத்தில் ஏற்படும் விரிசலும் இவ்வாறே செயல்படுகிறது.

எண்ணெய், எரிவாயு, நீராவி முதலியவற்றை உயர் அழுத்தத்தில் கொண்டு செல்லும் எஃகுக் குழாய்களில் விரிசல்கள் தோன்றக்கூடும். பற்றவைப்பில் ஏற்படும் குறை, துரு, மாறி மாறி வரும் அழுத்தம் ஆகியவை அதற்குக் காரணமாகின்றன. விரிசல் உள்ள குழாய் உடனே உடைந்துவிடும் என்பதில்லை. விரிசல் பரவாமல் தடுத்து நிற்கும் ஆற்றல் உலோகத்திற்கு உலோகம் வேறுபடும். இவ்வாற்றலை 'முறிவுத் தாங்குதிறன்' என்பர்.

எஃகு வலிமையாக இருந்தால் மட்டும் போதாது என்பதை ஒரு கப்பல் விபத்து உணர்த்தியது. 1943ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 'ஸ்கெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் நின்றுகொண்டிருந்தது. புயலும் இல்லை, பேரலையும் இல்லை. ஆயினும், பேரொலியுடன் அதன் உடல் ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. குறையுள்ள பற்றவைப்பில் தொடங்கிய விரிசல், குளிரில் நொறுங்கும் தன்மை பெற்ற எஃகில் நொடிப்பொழுதில் பரவியிருந்தது.

ஆகவே, பொறியியலாளர்கள் குழாயின் எஃகை முன்கூட்டியே சோதிக்கின்றனர். முதலில், குழாயிலிருந்து சிறு துண்டை அறுத்தெடுத்து, அதில் குறுகிய வெட்டு ஒன்றை ஏற்படுத்துகின்றனர். பிறகு, இயந்திரத்தால் பல்லாயிரம் முறை இழுத்துத் தளர்த்தி, வெட்டின் நுனியில் கூர்மையான விரிசலை உண்டாக்குகின்றனர். இறுதியாக, குழாய் இயங்கும் வெப்பநிலையில் அத்துண்டை மெதுவாக இழுத்து, விரிசல் வளரத் தொடங்கும் விசையை அளக்கின்றனர். சில வேளைகளில் முழுக்குழாயிலேயே விரிசலை உண்டாக்கி, அதனை வளைத்தோ உள்ளே அழுத்தம் ஏற்றியோ சோதிப்பதும் உண்டு.

தாங்குதிறன் மிக்க குழாயில் விரிசல் மெல்ல வளர்ந்து சுவரைத் துளைக்கும். அப்போது உள்ளிருப்பது கசியும். அக்கசிவை உணர்கருவிகள் கண்டறிந்ததும் ஊழியர்கள் குழாயை மூடிவிடலாம். தாங்குதிறன் குறைந்த குழாயோ எச்சரிக்கை எதுவுமின்றி வெடித்துப் பிளக்கலாம். 'உடையும் முன் கசிய வேண்டும்' என்னும் இக்கோட்பாடு அணுமின் நிலையக் குழாய்களின் வடிவமைப்பிலும் பின்பற்றப்படுகிறது.

எந்த விரிசலை அடுத்த பரிசோதனை வரை விட்டுவைக்கலாம், எந்தக் குழாயை இன்றே மாற்ற வேண்டும் என்னும் முடிவு இச்சோதனையில் கிடைக்கும் அளவுகளைச் சார்ந்துள்ளது. ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டு உடைவதால், குழாயின் அருகில் பணிபுரிவோரின் உயிர் காக்கப்படுகிறது.