தவிடா? தள்ளாதீர்கள்!

தவிடு என்றதும், "அது மாட்டுக்குப் போடறதாச்சே!" என்றுதானே நினைக்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

நெல்லின் மேல்தோல் உமி. அதற்கும் வெள்ளை அரிசிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய படலமும் முளையும்தான் தவிடு. சோறு மல்லிகைப்பூ மாதிரி இருக்கணும் என்று அதைத் தீட்டி எடுத்துவிடுகிறோம். போவது நிறம் மட்டுமா? 1890-களில் ஜாவா தீவில், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் டச்சு மருத்துவர் எய்க்மன் கவனித்தார். 'பெரிபெரி' நோயின் முடிச்சு அவிழ ஆரம்பித்தது அங்கேதான். கோழிகளைக் காப்பாற்றியது தவிட்டிலுள்ள பி-1 வைட்டமின். 1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இப்போது பேசப்படுவது தவிட்டிலுள்ள இன்னொரு சத்து. 'அராபினோசைலான்' என்ற நார்ச்சத்து. இதை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு இதுதான் சாப்பாடு. அவை இதைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் சில அமிலங்கள், குடலின் உட்சுவரைக் காக்கின்றன. நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் முகாமிட்டிருக்கிறது. குடல் நன்றாக இருந்தால் அந்தக் காவலும் நன்றாக இருக்கும்.

ஜப்பானில் இந்த நாரை ஷிடாகே காளானின் நொதியால் சிறு துண்டுகளாக உடைத்து, பொடியாகத் தயாரிக்கிறார்கள். வைரஸ் புகுந்த செல்லையும், புற்று செல்லையும் தாக்கும் 'நேச்சுரல் கில்லர்' வெள்ளணுக்களின் வேகத்தை இது கூட்டுவதாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால், மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. அணுவின் வேகம் கூடுவது வேறு, நோய் குணமாவது வேறு. இப்படியொரு பொடியைப் புற்றுநோய்க்கு மருந்து என்று விற்ற நிறுவனத்துக்கு, 2004-ல் அமெரிக்க நீதிமன்றம் தடை போட்டது.

ஆகவே, வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்றால், பொடியை நம்பி ஆஸ்பத்திரி சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன். சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

* தினம் ஒரு வேளை தவிடு நீக்காத அரிசி போதும். திடீரென்று மூன்று வேளையும் சாப்பிட்டால் வயிறு உப்பும்.

* மாப்பிள்ளைச் சம்பா போன்ற அரிசிகளில் சிவப்பு இருப்பதே தவிட்டுப் படலத்தில்தான். நிறம் வெளுத்திருந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம்.

* தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு. சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். கொஞ்சமாக வாங்குங்கள்.

* தீவனத் தவிட்டைச் சாப்பிட வேண்டாம். அதில் பூஞ்சை இருக்கலாம்.

* பிடிக்கவில்லையா? புழுங்கல் அரிசிக்காவது மாறுங்கள். நெல்லை அவிக்கும்போது பி-1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும்.

பாக்கெட்டில் தேடுவதை முதலில் சோற்றுப் பானையில் தேடுங்களேன்!